ஃபோர் வீல் லைட்

மறைமலைநகரில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் எனக்கு ஒரே வேலை. சுவிட்சை அழுத்த வேண்டும். பல்பு எரிந்தால் பச்சைத் தட்டு, எரியாவிட்டால் சிவப்புத் தட்டு. கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே வருவேன். அதை விட்டுச் செங்கல்பட்டில் சொந்தமாக மெக்கானிக் ஷெட் போட்ட பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. எரிந்தால் நல்லது, அவ்வளவுதான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து ஒருவர் தன் பழைய ஜீப்பை என்னிடம் கொண்டுவருவார். கரைக்கு வரும் ஃபைபர் போட்டுகளைக் கயிறு கட்டி மணல் மேட்டுக்கு இழுப்பதுதான் அந்த ஜீப்புக்கு வேலை. பின் சக்கரம் மட்டும் சுற்றினால் மணலில் புதைந்துவிடும். லிவரைப் போட்டு முன் சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்க வேண்டும். போட்டதும் மீட்டர் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும்.

"லிவர் போட்டா லைட்டு எரியல அண்ணாத்த. வுழுந்துச்சா இல்லையான்னு தெரியாம பேஜாரா கீது," என்றார்.

கியர் பாக்ஸ் மேலிருந்த சுவிட்ச் உப்புப் பூத்துச் செத்திருந்தது. புதிது மாட்டினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அன்று வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலுக்கு நேரமாகியிருந்தது. தொழுகை மேல் பழி போட மாட்டேன். நேரம் இருந்திருந்தாலும் அதற்கு மேல் பார்த்திருக்க மாட்டேன். லிவர் நகர்ந்ததா என்பதை மட்டும்தான் அந்த விளக்கு சொல்லும். முன் சக்கரம் பிடித்ததா என்பது அதற்குத் தெரியாது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்தும், "இனிமே லைட்ட நம்பி இழு," என்று அனுப்பினேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. காற்று பலமாக இருந்த ஒரு காலையில் அவர் ஜீப்பால் போட்டை இழுக்க, அவர் தம்பி பின்னால் தோள் கொடுத்துத் தள்ளியிருக்கிறார். பாதி மேட்டில் பின் சக்கரங்கள் புதைந்து ஜீப் நின்றுவிட்டது. அடுத்த அலை போட்டைத் திருப்பித் தம்பி மேல் சாய்த்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஜீப்போடு அவரே வந்தார்.

"நான் லிவரே போடலன்னு ஊரே சொல்லுது. தம்பி பொண்டாட்டி என்னாண்ட பேசறதே இல்ல. லைட்டு எரிஞ்சத பாத்தேன்னுதான் நெனைக்கறேன். இப்ப எனக்கே சந்தேகமா கீது. நீயே பாத்து சொல்லு."

அவர் டீக்கடைக்குப் போனதும் வலது முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன். வண்டியைக் கியரில் போட்டு, லிவரையும் போட்டேன். விளக்கு எரிந்தது. இந்த நிலையில் அந்தச் சக்கரம் கைக்கு அசையவே கூடாது. ஒரு விரலால் தள்ளினேன், ராட்டினம் மாதிரி சுற்றியது. சக்கரத்தை அச்சோடு பூட்டும் ஹப் உப்பில் அரித்துப் பல் போயிருந்தது. இரண்டொரு மாதத்தில் வரும் அரிப்பு அல்ல அது. ஒரு பக்கம் பூட்டாவிட்டால் மறு பக்கத்துக்கும் இழுவை போகாது. இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சத்தமில்லாமல் ஹப்பை மாற்றி அனுப்பியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சக்கரத்தை இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"லைட்ட பாரு. இப்ப வீல தள்ளு."

தள்ளினார். அது சுற்றி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் லிவர போட்டுத்தான் இருந்தனா?"

"போட்டுத்தான் இருந்தே. லைட்டு எரிஞ்சாலும் வீல் பிடிக்கல. அன்னிக்கு நான் லைட்ட மட்டும் பாத்து அனுப்பிட்டேன். வீல பாக்கல. தப்பு என்னுது."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெகுநேரம் கழித்து எழுந்தார்.

"இத வூட்டுக்கு வந்து அவளாண்ட சொல்லு," என்றார்.

ஜீப்பை ஜாக்கியிலேயே விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் போனோம். தம்பி மனைவி வாசலுக்கு வந்து நின்றாள். அவரிடம் சொன்னதை அப்படியே அவளிடமும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சாப்ட்டியா மாமா?" என்று அவரைக் கேட்டாள்.

இருவரும் உள்ளே போனார்கள். என்னை யாரும் உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.