பட்டுத் தராசில் பெரியசாமி

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை. அதனால் ஓர் உண்மை வெளியே வந்தது.

எங்கள் வீட்டில் ஓர் ஆமை இருக்கிறது. பெயர் பெரியசாமி. உள்ளங்கையில் அடங்கிவிடுவான். வயது ஒன்றரை. என் கணவரோடு ஃபேக்டரியில் வேலை பார்த்த நண்பர் வடக்கே மாற்றலாகிப் போகும்போது, மூன்று மாதத்துக்கு முன்னால், கொடுத்துவிட்டுப் போனார். ஆப்பிரிக்க வகை நில ஆமை. பதிவுச் சான்றிதழோடுதான் வந்தான். (நம் காட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் வனத்துறை வரும். வரத்தானே வேண்டும்?)

வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. இவனை டாக்டரிடம் காட்ட வேண்டுமா, வேண்டாமா?

சாப்பிடுகிறான். நடக்கிறான். கண் இரண்டும் ஈர மிளகு மாதிரி மின்னுகின்றன. மூக்கு ஒழுகவில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாகக் காலை வெயில் ஒரு முழத்துக்குத் தரையில் விழும்போது, அதன் நடுவில் போய்க் கழுத்தை நீட்டி நிற்பான் — யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல. இப்படி நிற்கிற உயிருக்கு என்ன குறை இருக்க முடியும்?

"ஆமைன்னா மெதுவா நடக்கணும், நெறைய தூங்கணும். ரெண்டும் ஒழுங்கா பண்ணுது. அப்பறம் இன்னாத்துக்கு டாக்டரு?" — இது என் கணவர் இளங்கோ.

ஊர்க் கால்நடை டாக்டரைக் கேட்டேன். மாடும் நாயும் பார்க்கிறவர். "ஆமை எனக்குப் பழக்கமில்லம்மா" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, சென்னையில் ஆமை பார்க்கும் டாக்டர் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். அந்த நம்பர் என் போனில் இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது. நன்றாக இருக்கிறவனைக் கூடையில் போட்டு, பஸ்ஸில் குலுக்கி, ஹாரன் சத்தத்தில் நடுங்க வைத்து... தேவையா?

ஆனால் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு முயல் வளர்த்தேன். சாயங்காலம் வரை கொத்தமல்லி தின்றது. காலையில் இல்லை. 'நல்லாத்தான இருந்துச்சு... நல்லாத்தான இருந்துச்சு...' என்று ஒரு வாரம் புலம்பினேன். அந்த வாக்கியம் என் வாயில் இன்னொரு முறை வரக் கூடாது. இதுதான் என் பிடிவாதம். இதைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள் என்பதால் சொல்லவில்லை.

என் வாயை அடைத்தது பக்கத்து வீட்டு சரஸ்வதி அக்காவின் தராசு. அக்கா வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் உள்ளே வரும். நெய்த சேலை எடை போட்டுத்தான் வெளியே போகும். ஒரு கிராம் தப்பினால் அந்தக் குட்டி எலக்ட்ரானிக் தராசு காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் பெரியசாமிக்கும் அதில்தான் எடை. அவன் வந்த முதல் வாரம் நூற்று நாற்பத்தெட்டு கிராம். போன வாரத்துக்கு முந்தைய வாரம் நூற்று ஐம்பத்தெட்டு.

"பத்து கிராம் ஏறிகீது. டாக்டரு டாக்டருன்ற. நம்ம ஊர்ல பெருமாளே ஆமையா வந்து சிவன பூஜை பண்ணிக்கீறாரு. அவரு எந்த டாக்டர்ட்ட போனாரு, சொல்லு மா பாக்கலாம்" என்பார் அக்கா.

பெருமாளை இழுத்தபிறகு நான் போனை உள்ளே வைத்துவிடுவேன்.

அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. முதல் வாரம் பெரியசாமியை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். எடை போட்டுவிட்டு முகம் சுளித்தார். "பட்டு வைக்கிற தட்டு மா இது. இனிமே குளிக்காம இட்டாராத." அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலை ஒரு டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர், பெரியசாமிக்குக் குளியல், துண்டால் துடைத்து, பிறகுதான் தராசு. கோயிலுக்குப் போவதுபோலத்தான்.

போன வெள்ளிக்கிழமைதான் தண்ணீர் வரவில்லையே. கெஞ்சினேன். அக்கா மனமிரங்கி, தட்டின்மேல் ஒரு பேப்பரை விரித்து, அதன் எடையைக் கழித்துவிட்டு, "வை" என்றார்.

நூற்று நாற்பத்தொன்பது.

ஒரே வாரத்தில் ஒன்பது கிராம் காணோம். அக்கா தராசைத் தட்டிப் பார்த்தார். எடை தெரிந்த ஒரு பட்டு நூற்கண்டை வைத்துப் பார்த்தார். தராசு சரி. பெரியசாமியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், எழுந்துபோய்த் தன் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். குளிப்பாட்டினோம். அவன் தலையைத் தாழ்த்தி, தொண்டை ஏறி இறங்க, நிதானமாகக் குடித்தான். மறுபடி தராசு. நூற்று ஐம்பத்தெட்டு.

"ஈரப் பட்டு மா" என்றார் அக்கா மெதுவாக. "மழ நாள்ல நூலு தண்ணிய குட்ச்சிக்கினு எடை காட்டும். சேலைன்னா கண்டுபுட்ச்சிருப்பேன். இவன வுட்டுட்டேன்."

ஆக, நாங்கள் இத்தனை வாரம் சந்தோஷமாக எடை போட்டது அவன் குடித்த தண்ணீரை. குளிக்காத எடைக்குக் குளிக்காத எடை பார்த்தால், வளர வேண்டிய குட்டி மூன்று மாதத்தில் வளர்ந்தது ஒரே ஒரு கிராம்.

நான் போனை எடுத்தேன். அக்கா பெருமாளைக் கூப்பிடவில்லை. "நாளைக்கே போய்ட்டு வா" என்றார்.

சனிக்கிழமை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடை, அடியில் பழைய துண்டு, அதன்மேல் பெரியசாமி. "சும்மாதான போற? நல்லாகீறத காட்டிட்டு வர்றதுக்கு ஒரு நாளா?" என்று இளங்கோ கேட்டார். செருப்பை மாட்டினேன். பஸ்ஸில் கண்டக்டர் கூடையைப் பார்த்து, "மாம்பழமா மா?" என்றார். நான் ஆமை என்றதும் இரண்டு சீட் தள்ளிப் போய் டிக்கெட் கிழித்தார்.

டாக்டர் இளம் பெண். பெரியசாமியைத் திருப்பி, வயிற்று ஓட்டை அழுத்தி, வாயைத் திறந்து, நகம் பார்த்தார். எனக்கு முயல் ஞாபகம் வந்தது. பிறகு கேட்டார்: "என்ன சாப்பாடு?"

"வெள்ளரிக்கா, தக்காளி. வெள்ளிக்கிழமை கொஞ்சம் இட்லி."

"வெயில்?"

"ஜன்னல் வழியா வரும்."

"கண்ணாடி ஜன்னலா?"

தலையாட்டினேன். அவர் சிரித்தார். திட்டுகிற சிரிப்பு இல்லை.

"வியாதி எதுவும் இல்லைங்க. ஆனா இவனுக்குப் புல்லுதான் சாப்பாடு, இட்லி இல்ல. கண்ணாடியில வடிகட்டின வெயில் எலும்புக்கு உதவாது. ஓட்டோட ஓரம் லேசா இளகியிருக்கு, பாருங்க. இப்ப மாத்தினா சரியாயிடும். ஆறு மாசம் கழிச்சு வந்திருந்தா ஓடு கோணியிருக்கும். அப்பறம் நிமிர்த்த முடியாது."

ஓட்டின் ஓரத்தில் என் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். நகம் அளவுக்கு ஒரு மென்மை. தினமும் தூக்குகிறேன், தடவுகிறேன், கவிதைகூட எழுதியிருக்கிறேன். அந்த இடத்தை ஒரு முறையும் தொட்டதில்லை.

ஆமை வலியைச் சொல்லாது. ஓட்டுக்குள்ளே வைத்துக்கொண்டு வெயிலில் அழகாக நிற்கும். வெளியே தெரிகிறபோது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அதனால் நலமாக இருக்கிற குட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். அவனுடைய 'நலம்' எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் எழுதி வைத்திருந்தால்தானே, நாளைக்கு அது மாறினால் தெரியும்? வருடத்துக்கு ஒரு முறை போவதென்று முடிவெடுத்துவிட்டேன். இதில் இனி விவாதம் கிடையாது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். இளங்கோ பெரியசாமியின் ஓட்டு ஓரத்தைத் தானும் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை சாக்குப் பையை எடுத்துக்கொண்டு பாலாற்றங்கரைப் பக்கம் போனவர், பை நிறையப் புல்லோடு வந்தார்.

"மாட்டுக்காரர் ஒருத்தரு பாத்துட்டு, எத்தினி மாடு வச்சினுகீறன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணு, கன்னுக்குட்டின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."