வேகம்னா எவ்வளவு சார்?

எங்கள் அலுவலகத்தில் ஓர் அக்காவுக்குச் சல்லடை என்று பெயர். பத்து வருடம் ஒரு குக்கர் கம்பெனியில் புகார் கேட்டவர். "குக்கர் சரியில்லை" என்று யாராவது போனில் கத்தினால், கோளாறு விசிலிலா, வாஷரிலா, வீட்டுக்காரரிடமா என்று பேச்சோடு பேச்சாகப் பிரித்துவிடுவாராம். அந்தக் காதுக்காகவே எங்கள் முதலாளி அவரை அழைத்து வந்தார். மென்பொருள் கேட்டு வருகிறவர்களுக்கு உண்மையில் என்ன தேவை என்று அவர் பிரித்துத் தருவார். அதற்கு நிரல் எழுதுவது நாங்கள்.

அன்று தீயணைப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில், தீப்பிடித்த இடத்தைத் திரையில் காட்டும் மென்பொருளுக்காகக் கடைசிக் கூட்டம். தேவைகளை வகை பிரித்து நிலைய அதிகாரி மாலைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். எங்கள் குழு மொத்தத்துக்கும் சீட்டுக் கிழியும். அக்கா பாட்டுக்குச் சுவரில் மூன்று தலைப்புகளை ஒட்டினார்: என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும், இருந்தால் நல்லது. கேட்ட ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, உரிய தலைப்பின் கீழ் ஒட்ட வேண்டும்.

மூன்றாவதில் ஒரு தாள்கூட விழவில்லை. தீயணைப்புக்காரரிடம் எது அவசரம் என்று கேட்டால் எல்லாமே அவசரம்தான். திரையில் வரைபடம் பூமி உருண்டை மாதிரி சுழன்று வந்து நிற்பதுகூட அதிகாரிக்கு உயிர் போகிற விஷயம். அவர் பிடிவாதத்துக்காகவே அதைச் சோதனைக்குச் செய்து வைத்திருந்தோம்.

"வேகமா இருக்கணும்னு சொன்னீங்களே, வேகம்னா எவ்வளவு சார்?" என்று கேட்டார் அக்கா.

"வேகம்னா வேகம்தாம்மா! இதுல என்ன எவ்வளவு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா சிரித்தார்.

அப்போது மணி அலறியது. தீ! அழைப்பை எடுத்த பெண் முகவரியை எங்கள் மென்பொருளில் தட்டினார். வரைபடம் சுழலத் தொடங்கியது. கடல் போயிற்று, மலை போயிற்று. அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பூட்ஸை மாட்டிவிட்டார்.

"எந்தத் தெரு?"

"இருங்க சார், இன்னும் சுத்துது!"

இரண்டாவது பூட்ஸும் ஏறிவிட்டது. "எந்தத் தெருன்னு கேட்டேன்!"

அந்தப் பெண் திரையைக் கைவிட்டு, காதில் கேட்ட முகவரியை அப்படியே கத்தினார். வண்டி பறந்தது.

யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் பிடித்த தீ. யாருக்கும் எதுவும் இல்லை. திரும்பி வந்த அதிகாரி, நனைந்த சட்டையோடு நேராகச் சுவரிடம் போனார். 'வரைபடம் சுழல வேண்டும்' என்ற தாளைப் பிய்த்து, 'இருந்தால் நல்லது' என்பதன் கீழே அறைந்து ஒட்டினார்.

"எவ்வளவுன்னு கேட்டியேம்மா. நான் ரெண்டாவது பூட்ஸை மாட்டி முடிக்கறதுக்குள்ள தெரு பேரு என் கண்ணுல படணும். அவ்வளவுதான்."

அக்கா துள்ளி எழுந்தார். "சார், கழட்டுங்க!"

"எதை?"

"பூட்ஸை! அளக்கணும்."

போனில் நேரம் ஓட, அதிகாரி மறுபடி மாட்டினார். அறையே கைதட்டியது.

"இவரைவிட வேகமா மாட்டறவங்க யாரு?"

ஓட்டுநர் கை தூக்கினார்.

"அப்ப உங்க கணக்குதான். வாங்க, உட்காருங்க!"

அவருடைய நேரத்தை அக்கா எழுதி ஒட்டினார். வேகத்துக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. இனி அதைச் சோதித்துப் பார்க்க முடியும். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அடுத்த தாளை எடும்மா. சுலபமா இருக்கணும்னு ஒண்ணு சொன்னேன் பாரு, அதுவும் தப்பு. யாருக்குச் சுலபம்னு கேளு என்னை!"

கையெழுத்து மாலையில்தான் விழுந்தது. ஆனால் எங்கள் வேலை பிழைத்தது அந்த நொடியில்தான். நான் சந்தோஷம் தாங்காமல் விசிலடித்துவிட்டேன்.