பாதி வட்டி என்றார்கள்

போன சாரல் சீசனுக்கு அண்ணன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தான். குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலை துவட்டாமல் மேலகரத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், இலையில் உட்கார்ந்ததும் வட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். இந்த வீட்டுக்காகத் தென்காசியில் நாங்கள் வங்கிக் கடன் வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரரும் அண்ணன் இருக்கிற ஊரில்தான் வேலை பார்க்கிறார். அங்கே வட்டி இங்கே உள்ளதில் பாதிதான், அவர் பேரில் கடன் எடுத்து இதை அடைத்துவிடலாம் என்றான். போனில் கேட்டால் அவரும் சரி என்கிறார்.

அங்கே தருகிற கடனின் நிபந்தனைத் தாளைப் படமெடுத்து அனுப்பும்படி அவரிடம் சொன்னேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"நாங்க பேசி முடிச்சாச்சு. ஒனக்கு எதுக்குட்டி இந்தக் கணக்கு?"

"இந்த வீட்டுக் கடன் பத்திரத்துல என் கையெழுத்தும் இருக்கு. பாக்காம சம்மதிக்க மாட்டேன்."

தாள் வந்தது. அங்கே முதலில் வாங்கின முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி. இங்கே கட்டக் கட்டக் குறைகிற பாக்கிக்கு மட்டும்தான். இரண்டையும் ஒரே முறையில் போட்டுப் பார்த்தேன். அந்தப் பாதி வட்டி கிட்டத்தட்ட நம் வட்டிக்கே வந்து நின்றது. வேலை போனால் பாக்கி முழுவதையும் உடனே கட்ட வேண்டும் என்றும் அதில் இருந்தது. அவர் கம்பெனியில் ஆள் குறைக்கிற பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். லீவு முடிகிறவரை அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அதோடு நான் விடவில்லை. எங்கள் கடனின் ஏழு வருஷ ஸ்டேட்மென்டையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். நாட்டில் வட்டி ஏறினபோதெல்லாம் எங்களுக்கும் ஏறியிருந்தது. மாதத் தவணை மாறாததால் கவனிக்கவில்லை; கட்ட வேண்டிய மாதங்கள்தான் கூடிக்கொண்டே போயிருந்தன. இறங்கினபோது மட்டும் எங்களுக்கு இறங்கவே இல்லை. புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கோ குறைந்த வட்டி என்று வங்கி வாசலிலேயே போர்டு வைத்திருந்தார்கள்.

முதல் தடவை போனபோது சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். இரண்டாம் தடவை, வெளிநாட்டில் இருக்கிற என் வீட்டுக்காரரை, 'சாரை வரச் சொல்லுங்க' என்றார்கள். மூன்றாம் தடவை மேனேஜர் முன்னால் தாள்களை விரித்து வைத்தேன்.

"ஏறுனது எங்களுக்குத் தெரியாமலே ஏறிட்டு. எறங்குததுக்கு மட்டும் நாங்க வந்து கேக்கணுமா சார்?"

அவர் தாள்களை நிதானமாகப் பார்த்தார். பழைய கடனைப் புதிய வட்டிக்கு மாற்ற ஒரு விண்ணப்பமும் சின்னக் கட்டணமும் போதும் என்றார். இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்பதில்லை மேடம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுமாதம் வட்டி இறங்கியது. கட்ட வேண்டிய காலத்தில் ஒன்றரை வருஷம் குறைந்தது. இனிமேல் தானாகவே இறங்கும் என்று மேனேஜர் உறுதி சொன்னார்.

"எறங்கலைன்னா வருவேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நாட்டில் வட்டி இறங்கியும் எங்களுக்கு இறங்காமல், ஒரு தடவை போகவும் வேண்டியிருந்தது.