கை இருக்குல்லா

ஒரு வித்வானைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. படித்தது எட்டாம் வகுப்பு, சங்கீதமும் தெரியாது. பொறுத்துக்கொள்ளவும்.

இலஞ்சியில், ஆனிச் சாரலில் நடந்த எங்கள் பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு அவர் மிருதங்கம் வாசிக்க வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத அகலமான கைகள். கச்சேரி இல்லாத நாட்களில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பவர் என்றார்கள். வாசிக்கும் முன், கூட்டத்தில் யார் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடுவது அவர் வழக்கமாம். அன்று தூணோரம் இருந்த என் தங்கையைப் பார்த்தார். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது என்று சொன்னேன். மேடைக்குக் கூட்டி வரச் சொன்னார்.

“ஏலே, அவளை எதுக்கு அங்கன கூட்டிட்டுப் போறே? காதா கேக்குது?” என்றார் பெரியப்பா. கூட்டம் சிரித்தது.

“கை இருக்குல்லா அண்ணாச்சி,” என்றார் வித்வான்.

மிருதங்கத்துக்கு அருகே மேடைப் பலகையில் அவள் உள்ளங்கைகளை வைத்தாள். மற்றவர்கள் நிறுத்த, அவர் மட்டும் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் பலகையின் அதிர்வு அவள் கைகளில் ஏறியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கச்சேரி முடிந்தும் அவள் கையை எடுக்கவில்லை. பலகையைப் பிரிக்க வந்தவர்கள் காத்து நின்றார்கள்.

“நாளைக்கு இவ என்ன செய்வா ஐயா?” என்று அவரிடம் கேட்டேன்.

தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதை நான் யோசிக்கலியே தம்பி,” என்றார்.

அவர் செய்தது நல்லதா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போதிருந்த அவர் முகம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் என் தங்கை வீட்டுச் சுவர், கதவு, அம்மி என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்தாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை.