ஓஸ்வால்ட் பேண்டுக்கு ஒரு மெயில் சர்வர்

என் தங்கை லவினா கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சிறிய கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மெயில் சர்வர் அமைத்துத் தருகிறாள். எங்கள் ஏரியாவான ஆஸ்டின் டவுனில் இதைச் சொன்னால், "தபாலாபீஸ் வேலையா?" என்பார்கள். நான் பத்தாவதுதான் படித்தவள். ஆனாலும் உட்கார வைத்து விளக்காமல் யாரையும் விடமாட்டேன்.

முதல் வாடிக்கையாளர் மர்பி டவுன் ஓஸ்வால்ட். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டு வாசிக்கும் குழு வைத்திருப்பவர். ஒரே நாளில் இரண்டையும் ஒப்புக்கொண்டு, சிவப்புக் கோட்டோடு கல்லறைக்குப் போய் நின்ற பிறகுதான், குழுவில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு காலண்டரும் மெயிலும் வேண்டும் என்று அவருக்கு உறைத்தது.

அவருடைய மைத்துனர் கிளிஃபர்ட் உடனே தடுத்தார். "சொந்த சர்வர்லருந்து போற மெயில் எல்லாம் ஸ்பாமுக்குத்தான் போகும் மச்சான். ஒருத்தனும் பாக்கமாட்டான். பெரிய கம்பெனிகிட்ட வாங்கு."

சர்வர் மெஷினை ஓஸ்வால்ட் வீட்டிலேயே வைத்து ஒரு வாரம் சோதித்துப் பார்ப்பதென்று முடிவானது. தோற்றால் பழைய வேலைக்கே திரும்புவதாக லவினா அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

லினக்ஸில் ஓடும் இரண்டு மென்பொருள்களை அவள் தேர்ந்து வைத்திருந்தாள். ஒன்றில் சாட், வீடியோ என்று இல்லாததே இல்லை. ஓஸ்வால்டின் கண் அதன் மேல்தான். மற்றொன்றில் மெயில், காலண்டர், முகவரிகள், அவ்வளவுதான்.

"டெய்லி யூஸ் பண்றவங்கதான் சொல்லணும்" என்று இரண்டையும் புக்கிங் எடுக்கும் பியாட்ரிஸ் ஆன்ட்டி முன் வைத்தாள். ஆன்ட்டி ஓஸ்வால்டின் மனைவி. பெரியதில் எதையோ அழுத்தியதும் வீடியோ திறந்துகொண்டது.

"என் மூஞ்சிய நானே எதுக்கும்மா பாக்கணும்? மூடு."

சிறியது ஜெயித்தது.

வெள்ளிக்கிழமை ஆன்ட்டி தனியாகப் பழகிப் பார்த்தார். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பெயரையும், அடக்கம் என்றால் இறந்தவர் பெயரையும் எழுதுவது பேண்டு வழக்கம். அன்று மீன் வாங்கி வர மறந்த கணவர் மேல் அவருக்குக் கோபம். "அடக்கம், ஓஸ்வால்ட், சனி மாலை நான்கு" என்று தட்டினார். யாரை அழைப்பது என்று காலண்டர் கேட்டது. முகவரிகள் அத்தனையையும் தொட்டுவிட்டு மூடினார். காலண்டர் அத்தனை பேருக்கும் மெயில் அனுப்பியது.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்திக்குப் போன் போட்டு விசாரிக்கமாட்டார்கள். நேரே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சனிக்கிழமை மாலை நானும் லவினாவும் ஓஸ்வால்ட் வீட்டில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஓஸ்வால்ட் பனியனும் லுங்கியுமாகத் திறந்தார். கறுப்புக் கோட்டில், டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேண்டுக் குழுவின் ஜெயராஜ் நின்றார்.

"அண்ணே, நீங்களேவா வந்து திறக்கறீங்க?"

அவர் பின்னால் தெருமுனை வரை ஆட்கள். விஷயம் புரிந்ததும் லவினா என் கையைப் பிடித்தாள். "போச்சுக்கா."

ஆன்ட்டி திரையைப் பார்த்தபடி, "நான் சும்மா பழகினேன்" என்றார்.

ஓஸ்வால்ட் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பெரிய மலர்வளையத்தோடு முன்னால் வந்த கிளிஃபர்டிடம் கேட்டார்.

"உனக்கு எப்படிடா தெரிஞ்சது?"

"மெயில் வந்துச்சு மச்சான்."

"ஸ்பாம்லயா?"

கிளிஃபர்ட் வளையத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "இல்ல. இன்பாக்ஸ்லதான்."

ஓஸ்வால்ட் படியிறங்கி, வரிசையாக ஒவ்வொருவரையும் அதையே கேட்டுக்கொண்டு போனார். துக்கம் விசாரிக்க வந்தவர்களைச் செத்தவரே விசாரித்தது அன்றுதான். எல்லோரும் இன்பாக்ஸ் என்றே சொன்னார்கள். திரும்பி வந்து, கிளிஃபர்டிடமிருந்து வளையத்தை வாங்கி சர்வர் மேல் சாத்தினார்.

"மெஷின் இங்கயே இருக்கட்டும் லவினா. திங்கக்கிழமை வந்து மீதி வேலைய முடிச்சுடு."