சாமியறைக் குழாய்

என் கணவருக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு லேத் பட்டறை இருந்தது. நாங்கள் குடியிருந்தது வெள்ளவத்தையில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும் ஒரு மாடி வீட்டில். யுத்தம் வடக்கில் நடந்தது. கொழும்பில் அது எங்களுக்குச் சுற்றிவளைப்பாக வந்தது. கதவைத் தட்டி, அடையாள அட்டையைப் பார்த்து, ஆண்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். இவரையும் இரண்டு தடவை கொண்டுபோனார்கள். பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று நான் வைக்காத நேர்த்தி இல்லை.

அந்தக் காலத்தில்தான் அரசாங்கம் சொந்தமாக ஆயுதத் தொழிற்சாலை தொடங்கியிருப்பதாக வானொலியில் சொன்னார்கள். இனிக் குண்டுக்கு வெளிநாட்டுக்காரனிடம் கையேந்தத் தேவையில்லையாம். நல்ல பெருமைதான். நான் வானொலியை அணைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.

கொஞ்ச நாளில் பட்டறைக்குப் பெரிய ஓடர் ஒன்று வந்தது. “விவசாயத் தண்ணிப் பம்புக்கு ஒரு சாமான்” என்றார் இவர். அதற்குப் பிறகு சுற்றிவளைப்பில் இவரை யாரும் தொடவில்லை. யாரோ ஒரு பெரிய மனிதரின் பெயரைச் சொல்வார். பொலிஸ்காரன் “ஹரி மாத்தயா”, சரி ஐயா, என்று சிங்களத்தில் சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுப்பான். என் நேர்த்தி பலித்துவிட்டது என்று நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பைத்தியக்காரி.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுதபூசை அன்று மெசின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகு, அந்த வருடம் புதிதாகச் செய்த சாமானில் ஒன்றை வீட்டுச் சாமியறைக்குக் கொண்டுவந்து வைப்போம். அந்த முறை இவர் ஒன்றையும் எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று எண்ணி, மூலையில் கழித்துப் போட்டிருந்த குவியலிலிருந்து நானே ஒன்றை எடுத்தேன். கையடக்கமான அலுமினியக் குழாய். பக்கமெல்லாம் துளைகள், அடியில் சுற்றிவரத் தகடுகள்.

“அதை விடும். பிழைச்ச சாமான். சாமிக்கு முன்னால வைக்கவேண்டாம்.”

“பிழைச்சாலும் எங்கட உழைப்புத்தானே” என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வழியில் சோதனைச் சாவடிகளில் இவருக்கு வியர்த்து ஊற்றியது. நான் அதற்கு வெயிலைத் திட்டினேன்.

வீட்டில் வைத்ததும் அதற்கு ஒரு வேலையும் கிடைத்தது. தகடுகளின் மேல் நிமிர்ந்து நின்றது. துளைகளில் சாம்பிராணிக்குச்சி அளவெடுத்ததுபோல நின்றது. அதன் பிறகு, தினமும் விளக்கடியில் இருந்து தேவாரம் பாடும் இந்த மனிதர் சாமியறை வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போகத் தொடங்கினார். வேலைக் களைப்பாக்கும் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா வந்தாள். அவள் வீட்டு முற்றத்தில் இராணுவம் அடித்த ஷெல் விழுந்து அத்தான் கிணற்றடியிலேயே செத்துப்போயிருந்தார். இவர்தான் போய் அவளைக் கூட்டிவந்தார், வடக்கிலிருந்து வருகிறவர்களைப் பதியவேண்டும் என்ற சட்டப்படி பொலிஸில் பதிந்தார், தன் கையால் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். இப்படியொரு மனிதர் வாய்த்தாரே என்று எனக்குள் பெருமை.

மறுநாள் காலை அக்கா குளித்துவிட்டு விளக்கேற்றப் போனாள். நெடுநேரமாக வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். குச்சிகள் சிதறிக் கிடந்தன.

“பிள்ளை, இதை எங்கையால எடுத்தனீ?”

“இவற்ற பட்டறையில செய்யிற பம்புச் சாமான் அக்கா.”

“பம்போ? இது ஷெல்லின்ர வால். எங்கட முத்தத்தில குத்திக்கொண்டு நிண்டது. உன்ர அத்தானைத் தூக்கின பிறகு நான்தான் கிண்டி எடுத்தனான். இதே ஓட்டையள்.”

எனக்குக் கோபம் வந்தது அக்கா மேல்தான். துக்கத்தில் கண்டதெல்லாம் ஷெல்லாகத் தெரிகிறது, இவர் “இல்லை” என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த ஒரு சொல்லுக்காகக் குழாயை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். இவர் அக்காவின் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தார்.

“இது என்ன சாமான்? உண்மையைச் சொல்லுங்கோ.”

கத்தியை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அரசாங்க ஆக்கள் வந்து கேக்கேக்க மாட்டன் எண்டு சொல்ல ஏலுமே?” என்றார். பிறகு, ஏதோ தன் பக்கம் நியாயம் இருப்பதுபோல, “சாமிக்கு முன்னால வைக்கவேண்டாம் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்தானே” என்றார்.

பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்று சும்மாவா சொன்னார்கள்! அன்று பின்னேரமே அக்கா கிருலப்பனையில் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனாள். நானும் என் உடுப்புகளை எடுத்துக்கொண்டு அவளோடு போனேன்.

இவருடைய பயத்தை நான் பிறகு மன்னித்துவிட்டேன். பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றவளுக்கு அந்தப் பயம் தெரியும். மன்னிக்க முடியாதது வேறு. அக்கா குடும்பத்துக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று நான் தினமும் குச்சி கொளுத்திச் செருகியது அந்தத் துளைகளில்தான். இவர் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்ததைக் கடையப் பட்டறைக்குப் போனார்.