பந்தக்கால் குழியில் கிடைத்த ஐந்து வாய்

ஞாயிற்றுக்கிழமை மூத்த மகளின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடவேண்டும். வீட்டின் ஈசான மூலையில், வேலியை ஒட்டி, சனிக்கிழமை காலையிலேயே குழி தோண்டத் தொடங்கினேன். முழங்கை ஆழம் போனதும் மண்வெட்டி எதிலோ இடித்தது. கையை விட்டு எடுத்தேன்.

உள்ளங்கையில் அடங்கும் சாமான். பழுப்பு நிறம், கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணம் மாதிரி. மேலே நடுவில் ஒரு வாய், அதைச் சுற்றி நான்கு வாய். ஒன்றிலிருந்து கறுப்புக் கம்பி அறுந்து தொங்கியது. திருப்பினால் உள்ளே பித்தளைத் துண்டுகள், கரி. முருகா என்று கீழே வைத்துவிட்டேன்.

என் மனைவி வந்து பார்த்தாள். தொடவில்லை.

"நம்ம வீட்டில அஞ்சு பேரு. சுத்தி நாலு இருக்கு. அப்ப நடுவுல இருக்கிறது யாருங்க?"

உள்ளே மகள் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தோம்.

அந்தப் பக்கம் என் தம்பி வீடு. என் ரம்புத்தான் மரத்தின் கிளைகள் அவன் கூரையில் உரசுகின்றன என்று ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிட்டான். நான் பேசக்கூடாததைப் பேசினேன். அதோடு பேச்சு நின்றது. ஆனாலும் எங்கள் வழக்கப்படி பெண்ணின் சித்தப்பா இருக்கும்போது அப்பன் மட்டும் பந்தக்காலைப் பிடிக்க முடியாது. தாம்பூலத் தட்டோடு போய் அழைத்திருந்தேன். நின்றபடியே வாங்கிக்கொண்டு, வருகிறேன் என்றான்.

"செய்வினை வச்ச கை பந்தக்காலத் தொடக்கூடாது," என்றாள் மனைவி. "தொட்டா எம்மக கழுத்துல தாலி ஏறாது."

அவன் வராவிட்டால் சம்பந்தி வீட்டார் காரணம் கேட்பார்கள். அண்ணன் தம்பி உறவு அன்றோடு முடிந்துவிடும். அவன் வந்து, மனைவி சொல்வது உண்மையாகவும் இருந்துவிட்டால்?

சாமானைப் பழைய துணியில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். பூசாரி விபூதி போட்டுவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து இருக்கிறது, ஆனால் மந்திரம் இல்லை, இங்கிலீசு என்றார். ஒர்க்‌ஷாப்பில் காட்டச் சொன்னார்.

கோத்தா திங்கி டவுனில் எனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப் சீன முதலாளி ஒருவருடையது; தவுக்கே என்போம். அவர் தூசியை ஊதிவிட்டுச் சிரித்தார். கார் இன்ஜினில் நான்கு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் மூடியாம். நடு வாயில் உள்ளே வருமாம், மற்ற நாலில் வெளியே போகுமாம். அலமாரியிலிருந்து ஒரு மூடியை எடுத்து அருகில் வைத்துக் காட்டினார். அது கறுப்பு, ஜப்பான் காருக்கு உள்ளது. என்னுடையது சின்ன இங்கிலீஷ் கார்களில் இருந்த பழைய மாதிரியாம். தன் அப்பா கடையில் வேலை பழகியபோது பார்த்தது, அப்போதே அந்தக் கார்கள் ஓய்ந்துகொண்டிருந்தன, இப்போது வரும் கார்களில் இந்த மூடியே கிடையாது என்று மலாய் மொழியில் சொன்னார்.

நிம்மதியாகத்தான் வண்டியை எடுத்தேன். பாதி வழியில் வேறு நினைப்பு வந்தது. தம்பி எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். அவன் வீட்டுப் பின்புறம் முழுக்கப் பழைய இரும்பு. கார் சாமானை வைத்து ஒன்றைச் செய்யவேண்டும் என்று வேறு யாருக்குத் தோன்றும்?

மனைவியும் அதைத்தான் கேட்டாள். "பழைய சாமானப் புதுசாப் புதைக்க முடியாதா?"

அதற்குப் பதில் ஒர்க்‌ஷாப்பில் இல்லை, குழியில்தான் இருந்தது. எங்கள் அப்பா இந்த வீட்டைக் கட்டுமுன் வெள்ளத்துக்குப் பயந்து மஞ்சள் மண் கொட்டி மேடாக்கினார். அப்போது தம்பி கைக்குழந்தை. குழிக்குள் குனிந்தேன். மேலே மஞ்சள் மண், கீழே பழைய கறுப்பு மண். மூடியில் அறுந்த கம்பியின் மிச்சம் குழியின் பக்கச் சுவருக்குள், கறுப்பு மண்ணில் போயிருந்தது. அது போன வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். கம்பிக்கு மேலே மஞ்சள் மண் எங்கேயும் கலையாமல் கெட்டியாக இருந்தது. அந்த மண்ணுக்கு அடியில் இருந்தது எங்கள் வீட்டுக்கு முன்பே புதைந்தது. தம்பி நடக்கப் பழகுமுன்னே அது அங்கே கிடந்திருக்கிறது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து கம்பியைப் பார்த்தாள். "சரி, வரட்டும்," என்றாள். ஆனால் உள்ளே போய் ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, வாய்க்குள் எதையோ சொல்லிக் குழிக்குள் போட்டாள். நான் தடுக்கவில்லை.

ஞாயிறு காலை தம்பி வெள்ளை வேட்டியில் வந்தான். பந்தக்காலுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானியம் போட்டாயிற்று. பாலை ஊற்றக் குனிந்தவன் நின்றான்.

"குழி ஏண்ணே இவ்ளோ பெருசு?"

"கல்லு ஒண்ணு மாட்டிக்கிச்சுடா. சுத்தி வெட்டி எடுத்தேன்."

அவன் பக்கத்திலிருந்த மண்குவியலைப் பார்த்தான். "கல்லக் காணோமே."

அவன் குழியின் அடியைப் பார்த்தான். தானியத்துக்கு நடுவே எலுமிச்சம்பழம் மஞ்சளாகத் தெரிந்தது. நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தான், பிறகு என்னை. நாங்கள் அவனைச் சந்தேகப்பட்டது என் முகத்தில் தெரிந்திருக்கவேண்டும், செம்பிலிருந்த பாலை மெதுவாக ஊற்றினான். ஊற்றும்போது அவன் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னான் என்று என் காதில் விழவில்லை. பிறகு இருவரும் பந்தக்காலைப் பிடித்து நிறுத்தினோம்.